திறக்க மறுத்த எடிட்டிங் மென்பொருள்: 6 ஆண்டுகளில் 11 முறை

ஒரே வீடியோ எடிட்டிங் மென்பொருளை 6 ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். முதல் 3 ஆண்டுகள் மேசைக்கணினியில், அதன்பின் மடிக்கணினியில், இரண்டிலும் விண்டோஸ்தான். பேட்டிகளையும் வகுப்புப் பதிவுகளையும் வெட்டிச் சீராக்கிக் கொடுப்பது என் வேலை. டைம்லைனில் வெட்டுவதற்கும் நிறம் திருத்துவதற்கும் இந்த மென்பொருள் எனக்கு நன்றாகக் கைவந்துவிட்டது, அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அது திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்த நாட்கள் என் குறிப்பேட்டுக் கணக்கின்படி 11 இருக்கின்றன. அந்த 11 நாட்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். மென்பொருளின் பெயரைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் உண்டு: இவற்றில் எதுவும் அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் உரிய நோய் அல்ல.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முந்தைய முறை சரியாக மூடப்படாமல் பின்னணியில் தங்கிவிட்ட ப்ராசஸால் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரலால்) 4 முறை, ப்ளகின்களால் (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களால்) 2 முறை, கிராஃபிக்ஸ் டிரைவர் (கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் நிரல்), ஆடியோ சாதனம், ஃபோல்டர் அனுமதி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் திறந்த விண்டோ, கெட்டுப்போன ப்ராஜெக்ட் கோப்பு ஆகியவற்றால் தலா ஒரு முறை. நிறுவப்பட்ட மென்பொருள் கோப்புகளே கெட்டுப்போய்த் திறக்காமல் நின்றது ஒருமுறைகூட இல்லை. அப்படியிருந்தும் நான் அதை 5 முறை முழுவதுமாக நீக்கி மீண்டும் நிறுவியிருக்கிறேன். அந்த ஐந்தும் வீண் வேலை என்பது இப்போது தெரிகிறது.

மீண்டும் நிறுவுவது ஏன் உதவவில்லை என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்யும்போது போவது ப்ரோக்ராம் ஃபைல்ஸில் உள்ள அதன் சொந்தக் கோப்புகள்தான். நம் விருப்ப அமைப்புகள், விண்டோ அடுக்கு, ப்ளகின்களைச் சோதித்து வைத்த பட்டியல், மீடியா கேஷ் போன்றவை பெரும்பாலும் நம் பயனர் கணக்கின் ஆப்டேட்டா ஃபோல்டரிலும் டாக்குமென்ட்ஸிலும் அப்படியே இருக்கும். மூன்றாம் தரப்பு ப்ளகின்களோ பெரும்பாலும் பல எடிட்டிங் மென்பொருள்களுக்கும் பொதுவான இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஓஎஃப்எக்ஸ் வகை ப்ளகின்களும் விஎஸ்டி3 வகை ஒலி ப்ளகின்களும் காமன் ஃபைல்ஸ் ஃபோல்டரின் உள்ளே தங்களுக்கென்று தனி ஃபோல்டர் வைத்திருக்கின்றன. புதிதாக நிறுவப்பட்ட மென்பொருள் முதல் வேலையாக அந்தப் பழைய அமைப்பையே படித்து, அதே பழைய ப்ளகினையே ஏற்ற முயன்று, அதே இடத்தில் விழுகிறது. வீட்டை இடித்துக் கட்டிவிட்டுப் பழைய பூட்டையே மாட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம்.

ஐகானைச் சொடுக்கியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மென்பொருள் தன் அமைப்புக் கோப்பைப் படிக்கிறது, உரிமம் செல்லுமா என்று பார்க்கிறது, கிராஃபிக்ஸ் கார்டிடம் என்னென்ன வசதி உண்டு என்று கேட்கிறது, ஒலி உள்ளீட்டு, வெளியீட்டுச் சாதனங்களை எண்ணுகிறது, எழுத்துருக்களைத் திரட்டுகிறது, ப்ளகின்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறது. இவ்வளவும் தொடக்கத் திரையில் படம் தெரிந்துகொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளில் நடக்கிறது. கேட்கப்பட்டவர்களில் ஒருவர் பதில் சொல்லாவிட்டால் மென்பொருள் அங்கேயே காத்து நிற்கும். ஒருவர் தப்பான பதில் சொன்னால் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். நின்றுவிடுவதும் மூடிக்கொள்வதும் வெவ்வேறு அறிகுறிகள். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒரே மருந்தைத் தேடியதுதான் தொடக்கத்தில் நான் செய்த பெரிய தவறு.

தொடக்கத் திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும். எதை ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று அது சொல்லும். மென்பொருள் நின்றுவிட்டால் அந்த வரியும் நின்றுவிடும், நிதானமாகப் படிக்கலாம். மூடிக்கொண்டுவிட்டால் வரியும் சேர்ந்து மறைந்துவிடும். ஒருநாள் பொறுமை இழந்து, கைபேசியை ஸ்லோ மோஷனில் வைத்துத் திரையைப் படம் பிடித்தேன். பிறகு அந்தப் பதிவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்ததில், மறைவதற்கு முன் கடைசி 3 ஃபிரேம்களில் ஒரு ப்ளகினின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. எடிட்டிங் மென்பொருள் திறக்கவில்லை என்பதற்காக ஒரு வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக ஆராய்ந்தது எனக்கே சிரிப்பாக இருந்தது. ஆனால் இன்றுவரை நான் செய்த சோதனைகளில் மிகக் குறைந்த நேரத்தில் மிக அதிகம் சொன்னது இதுதான்.

அது இரண்டாவது ப்ளகின் தொல்லை. மென்பொருளைப் புதிய பெரும்பதிப்புக்கு மாற்றிய மறுநாள் வந்தது. முதல் தொல்லை வேறு விதமானது. அப்போது தொடக்கத் திரை ப்ளகின்களை ஏற்றுவதாகச் சொல்லியபடி அரைமணி நேரம் அசையாமல் நின்றது. இரண்டு நாட்கள் மல்லுக்கட்டியபின், வேறு எதற்கோ ஆல்ட் விசையையும் டேப் விசையையும் சேர்த்து அழுத்தியபோது, தொடக்கத் திரைக்குப் பின்னால் ஒரு சிறிய விண்டோ ஒளிந்திருப்பது தெரிந்தது. சோதனைக் காலம் முடிந்த ஒரு டிரான்சிஷன் ப்ளகின், உரிமம் வாங்குகிறீர்களா இல்லையா என்று கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருந்தது. தொடக்கத் திரை எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி அமைக்கப்பட்டிருந்ததால் அந்தக் கேள்வி என் கண்ணில் படவே இல்லை. அதில் இருந்த மூடும் பொத்தானை அழுத்தினேன், மென்பொருள் திறந்துகொண்டது. இதற்காக நான் ஏற்கெனவே இரண்டு முறை அன்இன்ஸ்டால் செய்திருந்தேன்.

எந்தப் ப்ளகின் என்று பெயர் தெரியாத நிலையில் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது ஆகாத காரியம். ப்ளகின் ஃபோல்டரில் பாதியை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் குற்றவாளி நகர்த்திய பாதியில் இருக்கிறது; திறக்காவிட்டால் மீதியில் இருக்கிறது. என்னிடம் இருந்த 38 ப்ளகின்களுக்கு அதிகபட்சம் 6 முறை திறந்து பார்த்தால் போதும். நகர்த்த வேண்டுமே ஒழிய அழிக்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய ப்ளகினை அவசரத்தில் அழித்துவிட்டு, உரிமத்தை மீண்டும் செயல்படுத்த மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்த அனுபவமும் எனக்கு உண்டு.

அடிக்கடி வருவதும், தெரிந்துவிட்டால் எளிதில் தீர்வதும் பின்னணியில் தங்கிவிடும் ப்ராசஸ்தான். முந்தைய நாள் மென்பொருளை மூடுகிறோம், விண்டோ மறைகிறது, ஆனால் உள்ளே அது இன்னும் எதையோ எழுதி முடிக்கக் காத்துக்கொண்டிருக்கிறது. மறுநாள் ஐகானைச் சொடுக்கினால் தொடக்கத் திரைகூட வருவதில்லை. சுட்டியின் வட்டம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் ஒரு பிரதிதான் ஓடலாம் என்று மென்பொருள் வகுத்துக்கொண்ட விதி அது. டாஸ்க் மேனேஜரில் டீட்டெய்ல்ஸ் பகுதிக்குப் போய், மென்பொருளின் பெயரில் இருப்பதையும் அதே நிறுவனத்தின் துணை ப்ராசஸ்களையும் முடித்துவிட்டால் போதும். முதல் பக்கத்துப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. கணினியை ஷட்டவுன் செய்து திறப்பதைவிட ரீஸ்டார்ட் கொடுப்பது நல்லது என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கணினியில் ஷட்டவுன் செய்தாலும் இயங்குதளத்தின் கருப்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை மீட்கப்படுகின்றன; ரீஸ்டார்ட் கொடுக்கும்போதுதான் அவை புதிதாக ஏற்றப்படுகின்றன.

கிராஃபிக்ஸ் டிரைவர் விவகாரம் மடிக்கணினிக்கு மாறியபின் வந்தது. டிரைவரைப் புதுப்பித்த அன்று மாலை, தொடக்கத் திரை தோன்றி நான்கு நொடிகளில் எந்தச் செய்தியும் இல்லாமல் மறைந்தது. இங்கேதான், கணினியில் நேரும் கோளாறுகளின் பதிவுகளைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரை முதன்முதலாகத் திறந்தேன். விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் அப்ளிகேஷன் பகுதியில், 1000 என்ற எண்ணுடன் சிவப்புக் குறியிட்ட பதிவு ஒன்று, மென்பொருள் மறைந்த அதே நிமிடத்தில் இருந்தது. அதில் கவனிக்க வேண்டிய வரிகள் இரண்டு. ஒன்று, எந்த மாட்யூலில், அதாவது நிரலின் எந்தக் கூறில், விழுந்தது என்பது. எனக்கு அங்கே எடிட்டிங் மென்பொருளின் பெயர் இல்லை, கிராஃபிக்ஸ் டிரைவருக்குச் சொந்தமான ஒரு டிஎல்எல் கோப்பின் (நிரல்கள் ஏற்றிப் பயன்படுத்தும் துணைக் கோப்பின்) பெயர் இருந்தது. மற்றது எக்ஸெப்ஷன் குறியீடு. அது சி0000005 என்று முடிந்தது. தனக்கு அனுமதியில்லாத நினைவக முகவரியைத் தொட முயன்றது என்பது அதன் பொருள். குறியீடு மட்டும் காரணத்தைச் சொல்லிவிடாது, ஏனெனில் நூறு விதமான கோளாறுகள் இதே குறியீட்டில் வந்து முடியும். மாட்யூலின் பெயரோடு சேர்த்துப் படித்தால்தான் திசை தெரியும்.

டிவைஸ் மேனேஜரில் முந்தைய டிரைவருக்குத் திரும்பும் ரோல்பேக் பொத்தான் மங்கிக் கிடந்தது. புதுப்பிக்கும்போது, பழையதை அடியோடு துடைத்துவிட்டு நிறுவும் வழியை நானே தேர்ந்தெடுத்திருந்தேன்; திரும்பிப் போகப் பழைய டிரைவர் எதுவும் மிச்சமில்லை. பிறகு டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியைக் கொண்டு சேஃப் மோடில் (அடிப்படையானவை மட்டும் இயங்கும் நிலையில்) டிரைவரை முழுவதும் அகற்றி, கார்டு தயாரிப்பாளரின் தளத்தில் இருந்த இரண்டு பதிப்பு முந்தைய டிரைவரை நிறுவினேன். என் மடிக்கணினியில் பிராசஸரோடு சேர்ந்த கிராஃபிக்ஸ் ஒன்று, தனிக் கார்டு ஒன்று என இரண்டு உண்டு. விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்ப்ளே பகுதியின் கீழ் உள்ள கிராஃபிக்ஸ் பக்கத்தில், எடிட்டிங் மென்பொருளுக்கு உயர்செயல்திறன் கார்டையே கொடு என்று நிரந்தரமாகச் சொல்லிவைத்தேன். அதன்பின் கிராஃபிக்ஸ் காரணமாக ஒருநாளும் தொல்லை வரவில்லை. டிரைவர்களை வெளியான அன்றே புதுப்பிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன்.

ஒலிச் சாதனத்தால் வந்தது சுருக்கமான கதை. குரல் பதிவுக்காக ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்திருக்கிறேன். அதன் ஆஸியோ வகை ஒலி டிரைவர் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் இடம் கொடுக்கும். குரல் பதிவு மென்பொருளைச் சுருக்கி வைத்துவிட்டு எடிட்டிங் மென்பொருளைத் திறந்தேன். அது ஒலிச் சாதனங்களை எண்ணும் வரியில் நின்றுவிட்டது. யுஎஸ்பி கம்பியை உருவியதும் திறந்தது. திறக்காமல் நிற்கும் மென்பொருளுக்கு முன்னால், கணினியில் செருகப்பட்டுள்ள தேவையற்ற சாதனங்கள் அனைத்தையும் உருவிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஃபோல்டர் அனுமதி விஷயத்தில் குற்றவாளி நான்தான். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் பற்றி எங்கோ படித்துவிட்டு, விண்டோஸில் உள்ள கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸ் என்ற பாதுகாப்பை இயக்கி வைத்து, பிறகு மறந்தும்விட்டேன். அனுமதிப் பட்டியலில் இல்லாத மென்பொருள்கள் டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களில் எதையும் எழுத முடியாதபடி அது தடுக்கும். என் எடிட்டிங் மென்பொருள் திறந்தவுடன் டாக்குமென்ட்ஸில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதிப் பார்க்கும் வழக்கம் உடையது. எழுத முடியாமல் போனதும் மூடிக்கொண்டது. ப்ராசஸ் மானிட்டர் என்ற கருவியை இறக்கி, மென்பொருளின் பெயரால் வடிகட்டி, ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஆக்சஸ் டினைட் என்ற விடையைக் கண்டுபிடிக்க முழுதாக ஒரு பிற்பகல் போயிற்று. விண்டோஸ் செக்யூரிட்டியில் ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரி பக்கத்தைத் திறந்திருந்தால் அதே செய்தி ஒரே வரியில் கிடைத்திருக்கும். தடுக்கும்போதெல்லாம் திரையோரத்தில் அறிவிப்பும் வந்திருக்கும், ஆனால் வேலை நேரத்தில் தொந்தரவு வேண்டாம் என்று அறிவிப்புகள் அனைத்தையும் நான் அணைத்து வைத்திருந்தேன்.

விண்டோ காணாமல்போன கதையில் மென்பொருள் உண்மையில் திறந்துதான் இருந்தது. இரண்டாவது மானிட்டரைக் கழற்றி வேறு அறைக்குக் கொண்டுபோனேன். மென்பொருளோ பழைய நினைப்பில், இல்லாத மானிட்டரில் போய்த் திறந்துகொண்டது. டாஸ்க்பாரில் ஐகான் ஒளிர்ந்தது, திரையில் ஒன்றும் இல்லை. விண்டோஸ் விசையையும் ஷிஃப்ட் விசையையும் பிடித்துக்கொண்டு இடது அம்புக்குறியைத் தட்டியதும் அது இந்தத் திரைக்கு வந்து சேர்ந்தது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்ட சோதனை எது என்று கேட்டால், கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதிலிருந்து மென்பொருளைத் திறந்து பார்ப்பதைச் சொல்வேன். இதற்கு 5 நிமிடம் போதும். அங்கே திறந்தால், மென்பொருளும் டிரைவரும் பொதுவான ப்ளகின்களும் நன்றாக இருக்கின்றன, கோளாறு என் கணக்கின் அமைப்புகளில்தான் இருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். அப்போது ஆப்டேட்டாவில் உள்ள அமைப்பு ஃபோல்டரின் பெயரோடு ‘பழையது’ என்று சேர்த்துவிட்டால், மென்பொருள் புதிய ஃபோல்டரைத் தானே உருவாக்கிக்கொள்ளும். பெயரை மாற்றுவதில் ஒரு வசதி இருக்கிறது: விசைக் குறுக்குவழிகளையும் விண்டோ அடுக்குகளையும் பழையதிலிருந்து பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். புதிய கணக்கிலும் திறக்காவிட்டால் டிரைவர், சாதனம், பொதுவான ப்ளகின், பாதுகாப்பு மென்பொருள் என்ற பக்கம் தேட வேண்டும்.

அமைப்புகளை மீட்டமைக்கப் பல எடிட்டிங் மென்பொருள்கள் குறுக்குவழி வைத்திருக்கின்றன. ப்ரீமியர் ப்ரோவை விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி திறக்க வேண்டும். ஃபைனல் கட் ப்ரோவை மேக் கணினியில் ஆப்ஷன், கமாண்ட் விசைகளை அழுத்தியபடி திறக்க வேண்டும். கேடென்லைவ் முந்தைய முறை தொடக்கத்திலேயே விழுந்திருந்தால், அமைப்புகளை மீட்டமைக்கட்டுமா என்று தானே கேட்கிறது. பயனரை மதிக்கும் நல்ல ஏற்பாடு. என் மென்பொருளிலும் இப்படி ஒரு விசைச் சேர்க்கை இருந்தது என்பதை நான்காம் ஆண்டில்தான் அறிந்தேன். உதவிப் பக்கத்தின் அடியாழத்தில், அச்சிடும் அமைப்புகளுக்கு அடுத்ததாக அது எழுதப்பட்டிருந்தது.

நிறுவிய நாளிலிருந்தே ஒருமுறைகூடத் திறக்காத நிலை வேறு வகை, அது எனக்கு வந்ததில்லை. நண்பர் ஒருவருக்கு வந்தது. அவர் கணினியில் இருந்தது விண்டோஸின் ‘N’ பதிப்பு, அதாவது மீடியா கூறுகள் நீக்கப்பட்டு வெளியாகும் பதிப்பு. மீடியா ஃபீச்சர் பேக்கைச் சேர்த்ததும் சரியாயிற்று. இந்த வகையில் பிழைக் குறியீடு சி000007பி என்று முடிந்தால் 32 பிட், 64 பிட் கோப்புகள் கலந்துவிட்டன என்பதும், சி0000135 என்று முடிந்தால் தேவையான ஒரு டிஎல்எல் இல்லவே இல்லை என்பதும் பொதுவாகப் பொருந்தும். விஷுவல் சி++ துணைக் கோப்புகளை மீண்டும் நிறுவிப் பார்ப்பதற்கு இவை இரண்டும் தகுந்த காரணங்கள்.

கடைசியாக நேர்ந்தது சென்ற மாதம். ப்ராஜெக்ட் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் மென்பொருள் பாதியில் மூடிக்கொண்டது. முன்பாக இருந்தால் உடனே அன்இன்ஸ்டால் செய்யப் போயிருப்பேன். இம்முறை மென்பொருளை மட்டும் தனியாகத் திறந்தேன், சிக்கலின்றித் திறந்தது. அப்படியானால் நோய் ப்ராஜெக்டில். புதிதாக வெற்று ப்ராஜெக்ட் ஒன்றைத் தொடங்கி, அதற்குள் பழைய ப்ராஜெக்டின் டைம்லைன்களை ஒவ்வொன்றாக இறக்கினேன்; நான்கு நன்றாக வந்தன, ஐந்தாவதில் விழுந்தது. அந்த ஐந்தாவதை மட்டும் முந்தைய நாள் ஆட்டோசேவ் பிரதியிலிருந்து எடுத்துக்கொண்டேன். 40 நிமிட வேலை போயிற்று, மற்றதெல்லாம் பிழைத்தது.

மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிக்கு இந்த ஆண்டுகளில் 4 முறை எழுதியிருக்கிறேன். நான்கு பதில்களிலும் முதல் அறிவுரை, நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள் என்பதே. சென்ற மாதம் ஐந்தாவதாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். குறை சொல்ல அல்ல, ஒரு வேண்டுகோளுக்காக. தொடக்கத் திரையில் ஓடும் அந்தப் பொடி எழுத்து வரியை, மென்பொருள் விழுந்தபிறகும் படிக்கும்படி ஒரு உரைக் கோப்பில் எழுதிவைக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது. வேண்டுகோளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள், உரிய குழுவுக்கு அனுப்பிவைத்ததாகவும் எழுதியிருந்தார்கள். மடலின் அடியில், மென்பொருள் திறக்காவிட்டால் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவிப் பார்க்கவும் என்ற வரி வழக்கம்போல் இருந்தது.